இது எங்க கிடந்த சாமான்?

தீபாவளி முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் எங்கள் லேத் பட்டறைக்குத் தீபாவளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிக் கிடந்த பட்டாசு ஆபீஸ்கள் பூஜை போட்டுத் திறக்கும். போன சீசனில் சுழன்ற ஷாஃப்ட் இந்த சீசனில் கல்லாய் நிற்கும். காகிதக் குழல் உருட்டும் மெஷின், அச்சகத்துக் கட்டிங் மெஷின், எண்ணெய் மில் எக்ஸ்பெல்லர் என்று ஒவ்வொன்றின் உறுப்பும் லோடு ஆட்டோவில் வந்து இறங்கும். சாமானோடு ஒரு வைத்தியமும் சேர்ந்தே வரும். பல்வலிக்கு ஊரே மருந்து சொல்வதைப்போல, பிடித்துக்கொண்ட நட்டுக்கும் விருதுநகரில் ஆளுக்கொரு மருந்து வைத்திருக்கிறார்கள். பாதி சரி. மீதி விரலைக் கேட்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் உயிரையே கேட்கும்.

"நம்ம ஊரு காஞ்ச பூமி, இங்க எப்படித் துருப் பிடிக்கும்?" இதைக் கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. பூமி காய்ந்ததுதான். 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு வருஷம் சிவகாசியில் தொடங்கிய தொழில் வேர் பிடித்ததற்குக் குச்சியையும் பெட்டியையும் சட்டென்று உலர்த்துகிற இந்த வெயிலும் ஒரு காரணம். ஆனால் துருவுக்கு மழை கொட்ட வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே அது வேகம் பிடிக்கும். மார்கழிப் பனி போதும். எங்கள் பக்கத்து மெஷின் மேல் படிகிற தூசியும் சாதாரணத் தூசி இல்லை. நைட்ரேட்டும் குளோரேட்டும் கந்தகமும் கலந்த தூசி. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற குணம் உண்டு. அதனால் கடலே இல்லாத ஊரில் கடற்கரைத் துரு பிடிக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, எண்ணெய் விட மட்டும் மறந்து போகிற பக்திமான்களாலும் எங்களுக்கு வியாபாரம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மரையில் இருப்பதோ தலைமுடி நுழைகிற சந்து. அதற்குள் துரு உப்பும்போது ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகிறது. பசை ஒட்டிக்கொண்டதாக நினைத்துப் பிய்க்கப் பார்ப்பவர்கள் போல்ட்டை முறித்துக்கொண்டு வருகிறார்கள். ஆப்பை நொறுக்கி, அந்தச் சந்தில் வழுக்கல் இறக்குவதுதான் வேலை.

"மண்ணெண்ணெய ஊத்தி ஓங்கி ஒரு அடி போடு, கழண்டுரும்." மண்ணெண்ணெய் மெல்லிசு, மரைக்குள் இறங்கும், உண்மை. ஆனால் ஊற்றிய கையோடு ஸ்பானரை எடுத்தால் அது இன்னும் வாசலிலேயே நிற்கும். முதல் நாள் ராத்திரி விட்டு, மறுநாள் காலையும் மாலையும் விட்டு, அப்புறம் கை வைக்க வேண்டும். ஓங்கிய ஒரு அடியிலும் பிரயோஜனமில்லை. நட்டின் ஒரு பட்டைக்குக் கனமான இரும்பை அண்டக் கொடுத்து, எதிர்ப் பட்டையில் சின்னச் சுத்தியலால் ஐம்பது தட்டுத் தட்டினால் துரு உள்ளேயே பொடியும்; எண்ணெய் இன்னும் ஒரு சுற்று இறங்கும். பக்கத்தில் நின்று கேட்டால் தெரியும்: முதலில் 'டொக் டொக்' என்று செத்த சத்தம் வரும். இளக ஆரம்பித்ததும் சத்தம் கொஞ்சம் கணீரென்று மாறும்.

இதில் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை, அதாவது நெருப்பு காட்டினால் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் சூடு, 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. சித்திரை மத்தியானம் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மார்கழியில் சாதுவாக இருந்த டப்பா சித்திரையில் பெட்ரோலுக்குத் தம்பி ஆகிவிடுகிறது. பக்கத்தில் கிரைண்டர் பொறி பறந்தால் முடிந்தது கதை. இப்போது பையன்கள் வீடியோ பார்த்துவிட்டு கியர் ஆயிலில் பாதிக்குப் பாதி அசிட்டோன் கலக்குகிறார்கள். நன்றாக இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் அசிட்டோனின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வாக்கில். எந்த மாதத்திலும் அது சாது இல்லை.

நீல டப்பா ஸ்பிரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூ.டி.-40 என்பது 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் பிறந்தது. ஏவுகணையின் உடம்பில் ஈரம் தங்கித் துருப் பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டும் கலவை தேடினார்கள், நாற்பதாவது முயற்சி பலித்தது, பெயரும் அதுதான். லேசான துருவுக்கு அது போதும். பத்து வருஷத் துருவுக்கு அதை அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர் வந்து பார்க்கும்போது நட்டு அப்படியேதான் இருக்கும்.

"ஸ்பானருக்குப் பைப்ப மாட்டு, நாலு பேரா இழு." சாதாரண 12 மில்லிமீட்டர் போல்ட்டை முடுக்க வேண்டிய திருகுவிசை சுமார் 85 நியூட்டன் மீட்டர். நாலடிப் பைப்பின் முனையில் ஒரே ஆள் 30 கிலோ பாரம் கொடுத்தாலே 350-ஐத் தாண்டும். நாலு பேர் எதற்கு? ஸ்பானர் நழுவினால் நாலு பேரும் போய் விழுவதற்கு. பைப்பை மாட்டுவதற்கு முன்னால் ஸ்பானர் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் லேத்திலும் மில் மெஷினிலும் இருப்பது விட்வொர்த் மரை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது. அதன் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. விட்வொர்த் ஸ்பானரில் 1/2 என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் தடிமன், ஸ்பானர் வாயின் அகலம் இல்லை. அதற்கு மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் கொஞ்சம் ஆடும். ஆடினால் மூலை மழுங்கும். மழுங்கின நட்டைப் பார்த்து "துரு ரொம்ப, அண்ணாச்சி" என்பார்கள்.

இன்னொன்று, எல்லா நட்டும் இடப்பக்கம் சுற்றினால் கழலும் என்ற நம்பிக்கை. சைக்கிளின் இடது பெடல், டேபிள் ஃபேன் இறக்கையின் மூடி, கிரைண்டரின் இடது கல், அசிட்டிலீன் சிலிண்டரின் இணைப்பு எல்லாமே எதிர் மரை. கேஸ் இணைப்பு நட்டின் மூலைகளில் வெட்டு அடையாளம்கூட இருக்கும். சுழலும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவும், ஆக்சிஜன் குழாயைத் தப்பான இடத்தில் மாட்டிவிடாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு அது. துரு என்று நினைத்து அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தவர்களின் கதை எங்கள் பட்டறையில் உண்டு. அதில் ஒருவன் நான். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் துடைத்துவிட்டுச் சாய்வைப் பாருங்கள். தெரிந்த பிறகும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். முதலில் மயிரளவு இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி... இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால் துருப்பொடி வெளியே வரும்.

"காட்டு தீய, எதுவும் கழலும்." வைத்தியங்களிலேயே வீரியமானது இது. ஆனால் பாதிப் பேர் போல்ட்டைச் சுடுகிறார்கள். போல்ட் விரிந்தால் இன்னும் இறுகத்தானே செய்யும்? சூடு காட்ட வேண்டியது நட்டுக்கு. 24 மில்லிமீட்டர் நட்டை 250 டிகிரி சூடேற்றினால் அதன் ஓட்டை ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடிப் பருமன். அந்தச் சூட்டில் ஒரு மெழுகுவத்தியை மரை வாயில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்படும். ஆறும்போது வழுக்கலாய்த் தங்கும். தீக்குச்சியின் முனையை மெழுகில் தோய்த்து எடுக்கிற ஊருக்கு, மரத்துக்குள் மெழுகு எப்படி இறங்குகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுட்டதன் மேல் தண்ணீரை ஊற்றுவது மட்டும் வேண்டாம். பழைய டிரெடில் அச்சு மெஷின், கட்டிங் மெஷின் சட்டமெல்லாம் வார்ப்பிரும்பு. ஒரு வாளித் தண்ணீரில் கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டுக்கு வெல்டிங்கும் லேசில் நிற்காது.

இதுவரை சொன்னதெல்லாம் அச்சகத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும். பட்டாசு ஆபீஸ் சாமான் என்றால் மேலே சொன்ன சுத்தியலும் நெருப்பும் தப்பு; கழுவுவதற்கு முன்னால் எண்ணெயும் தப்பு.

நான் பட்டறையில் கைப்பிள்ளையாக நின்ற காலம். ஒரு பையன் சாக்கில் சுற்றித் தள்ளுவண்டியின் அச்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். சக்கரத்து நட்டு இறுகிப்போய்விட்டதாம். நான் சுத்தியலை எடுத்துவிட்டேன். மேஸ்திரி கையைப் பிடித்தார்.

"தம்பி, இது எங்க கிடந்த சாமான்?"

"வெளியிலதான் அண்ணாச்சி, ஷெட்டு ஓரமா."

"வெளியில கிடந்தது சரி. உள்ள என்ன சுமந்துச்சு?"

பையன் முழித்தான். மேஸ்திரி கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து மரையை மெல்லத் தொட்டு எடுத்து வெயிலில் காட்டினார். பழுப்புத் துருவுக்கு நடுவே மீன் செதிலைப்போலப் பளபளவென்று சாம்பல் நிறம். அலுமினியப் பவுடர். அச்சை அப்படியே தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் முழுசாக இறக்கினார். கேஸ் வெல்டிங் செய்துகொண்டிருந்தவரை நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் வரை பட்டறையில் பொறி பறக்கவில்லை.

"துருங்கிறது வெறும் அழுக்குதானே" என்ற நம்பிக்கை அன்றோடு எனக்குப் போனது. துரு என்பது இரும்பு பிடித்து வைத்திருக்கிற ஆக்சிஜன். அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் இரும்பைவிட ஆசை அதிகம். இரண்டையும் சேர்த்துத் தூண்டிவிட்டால் அலுமினியம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். 2000 டிகிரியைத் தாண்டிச் சூடு கிளம்பி இரும்பு தண்ணீராய் ஓடும். ராத்திரி நேரம் தண்டவாளத்துக்கு ஒட்டுப் போடும்போது கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் பார்த்திருப்பீர்கள். ரயில்வேக்காரர்கள் செய்வது இதே காரியம்தான். 1895-ல் ஹான்ஸ் கோல்ட்ஸ்மித் என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய முறை. துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் ஈஷியிருக்கும் இடத்தைச் சுத்தியலால் அடித்தால் அதே காரியம் கடுகளவில் நடக்கும். கடுகளவு பொறிதான். பக்கத்தில் வெடிமருந்து இருந்தால் அது போதும். நிலக்கரிச் சுரங்கங்களில் அலுமினியச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இதனால்தான்.

பொறியே வேண்டாம், தேய்த்தாலே போதும் என்பது இன்னும் மோசம். எங்கள் மாவட்டத்து விபத்துச் செய்திகளில் 'உராய்வு' என்ற சொல்லைப் படித்துப் படித்துக் கண் பழகிவிட்டது. மரையைத் திருகுவது என்றால் என்ன? இரண்டு இரும்பை அழுத்தி உராய வைப்பது. அந்தச் சந்தில் காய்ந்த மருந்து இருந்தால், கழற்றுகிற கையே கொளுத்துகிற கை. அதனால் வரிசை மாறக் கூடாது: முதலில் நிறையத் தண்ணீர், ஊறல், மறுபடி கழுவல்; வழிகிற வண்டல் மொத்தமும் போனபின் எண்ணெய்; கடைசியில் அறையை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், அடிக்காமல், மெல்ல ஸ்பானர். பழுது பார்ப்பதற்கு முன் அந்த அறையிலிருந்து வெடிபொருளை அகற்றிக் கழுவ வேண்டும் என்று 2008 வெடிபொருள் விதிகள் சொல்வதும் இதைத்தான்.

"தண்ணி தெளிச்சா போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். தெளிப்பது நனைக்காமல் விடுவதைவிட ஆபத்து. அரைகுறை ஈரத்தில் அலுமினியப் பவுடர் மெல்லச் சூடாகும், ஹைட்ரஜன் விடும். மழை நாளில் ஈரம் பட்ட மருந்து தானே சூடேறுவதைப் பட்டாசு ஆபீஸ் போர்மேன்கள் நன்றாக அறிவார்கள். கழுவிய வண்டலை டப்பாவில் மூடி வைப்பதும் கூடாது. மக்னீசியம் கலந்த பவுடர் என்றால் தண்ணீரே வினையாகும். உள்ளே என்ன ஓடியது என்று போர்மேன் வாயால் கேட்காமல் தொடாதீர்கள். சந்தேகம் தீரவில்லையா, அந்த அச்சின் விலை அப்படி என்ன பெரிய விலை? புதிது வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பித்தளைச் சுத்தியல். "பித்தளைக் கருவின்னா பயமே இல்ல." மருந்து அறையில் இரும்புக்குப் பதில் மரம், பித்தளை, செம்பு வைத்துக்கொள்வது சரி, விதியும் அதுதான். ஆனால் பித்தளை பொறியைக் குறைக்கிறது, அவ்வளவே. அடியின் அதிர்ச்சியையும் உராய்வையும் அது குறைப்பதில்லை. மென்மையான உலோகம் என்பதால் மணலும் இரும்புத்துகளும் அதன் முகத்தில் பதிந்துகொள்ளும். அப்புறம் அது பித்தளைத் தோல் போர்த்திய இரும்பு. வேலைக்கு முன்னால் கருவியின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

தீப்பெட்டி ஆபீஸுக்கு வேறு கதை. "துருவுக்கு ஆசிட் ஊத்து." புளியும் எலுமிச்சையும் துருவைக் கரைக்கும், மெதுவாக, பித்தளைக் குடத்தைத் தேய்க்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த வித்தைதான். கடை ஆசிட் வேகமாகக் கரைக்கும், கூடவே நல்ல இரும்பையும் தின்னும். உயர்தர போல்ட்டை உள்ளுக்குள் நொறுங்கலாக்கும். அது நஷ்டம். ஆபத்து எதில் என்றால், குச்சி மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். குளோரேட் மேல் ஆசிட் பட்டால் குளோரின் டையாக்சைடு கிளம்பும். அது தானே வெடிக்கக் கூடிய வாயு. குளோரேட்டோடு கந்தகம் கலந்த வெடிபொருளை 1992-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். லேசான அமிலம் கூட அதைக் கிளப்பிவிடும் என்பது அதற்கொரு காரணம். எண்ணெயும் அப்படித்தான்: குளோரேட் படிந்த இடத்தில் எண்ணெய் விடுவது அதற்குத் தீனி போடுவது. அங்கேயும் முதலில் தண்ணீர்.

அதே ஆபீஸில் பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். குச்சியும் பெட்டியும் உரசினால் பற்றுகிறதே, அந்த இரண்டு பேரும் சந்திக்கிற இடம் அந்த உரசல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குச்சி மருந்துப் பக்கத்து மெஷினைக் கழற்றிய ஸ்பானரைத் துடைக்காமல் பெட்டிப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஸ்பானர் வாயில் சந்தித்துக்கொள்ளும். பழைய மெக்கானிக்குகள் சிலர் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்தார்கள். கருமித்தனம் இல்லாத ஆட்கள்.

பட்டறைக்குள்ளேயே இருக்கிற இரண்டு குழிகளையும் சொல்லிவிடுகிறேன். "சிலிண்டர் வால்வு இறுகினா ரெண்டு சொட்டு எண்ணெய் விடு." கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரில் 150 பார் வாக்கில் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டாலே பற்றி வெடிக்கும், தீக்குச்சி தேவையில்லை. கிரீஸ் கையோடு ரெகுலேட்டரைத் தொடுகிறவனை நான் திட்டாமல் விட்டதில்லை. வால்வு திறக்கவில்லையா, சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

"காலி டிரம்தானே, கட் பண்ணிடு." தின்னர் டிரம்மோ மருந்துச் சாமான் வந்த டிரம்மோ, நிறைந்திருந்ததைவிடக் காலியானதுதான் கேடு; உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். எரியும் பொருள் இருந்த கலத்தை, அதையும் அதன் ஆவியையும் அகற்றாமல் வெல்டிங்கோ கட்டிங்கோ செய்யக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். பழைய இரும்புக் கடையில் அந்தப் பிரிவைப் படித்தவர் யாரும் இல்லை.

கடைசி நம்பிக்கை எங்களுடையது, மெக்கானிக்குகளுடையது: "கழண்டுட்டா வேலை முடிஞ்சுது." ஒரு அச்சகத்துப் பழைய கட்டிங் மெஷின். கத்திச் சட்டம் பாதி உயரத்தில் துருவேறி நின்றுவிட்டது. கத்தியைக் கழற்றிவிட்டுத் தொடலாம் என்றால் கத்தியின் போல்ட்டுகளும் இறுக்கம். கரண்ட்டைத் துண்டித்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் எண்ணெய் விட்டோம். இழுகம்பியைக் கழற்றியாயிற்று, சட்டம் அசையவில்லை. அப்போது அந்தச் சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது துரு மட்டும்தான். அது எனக்கு உறைக்கவில்லை. மேஸ்திரிக்கு உறைத்தது. மேஜை மேல் கத்திக்குக் கீழே இரண்டு வேப்பங்கட்டைகளை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி? அது எங்க இறங்கப் போவுது?"

பதில் சொல்லவில்லை. சட்டத்தின் ஆட்டத்தைச் சரிசெய்கிற பக்கத்து ஜிப் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினார், பித்தளைக் கம்பியை வைத்து ஒரு தட்டு. சட்டம் சத்தமில்லாமல் இறங்கியது. 'தொப்' என்று ஒரே சத்தம். நான் எண்ணெய் துடைக்கப் பனியன் வேஸ்ட்டோடு கையை நீட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு ஜாண் தள்ளி.

அந்தப் பலகை இன்றைக்கும் பட்டறை வாசலில் கிடக்கிறது. டீ கிளாஸ் வைப்பதற்கு. நடுவில் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு. கிளாஸை அதன் மேல் வைத்தால் சாயும்.